ஓட்டல் அடுக்களையும் ஊர் ஓடையும்

ஓட்டலின் முன்வாசலைப் பற்றிப் பேசுவோர் பலர்; பின்வாசலைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். இலையில் விழும் பண்டத்தின் சுவையை ஆராய்கிறோம், விலையை ஆராய்கிறோம், பரிமாறுவோரின் மரியாதையைக்கூட ஆராய்கிறோம். ஆனால், உண்டு முடித்த பாத்திரங்களைக் கழுவிய நீர் எங்கே போகின்றதென்று எவரும் கேட்பதில்லை. அக்கேள்வியையே இன்று கேட்க விரும்புகிறோம். தேச விவகாரங்களும் உலக விவகாரங்களும் மலிந்து கிடக்கையில் ஓட்டல் ஓடையைப் பற்றி ஒரு தலையங்கமா என்று அன்பர் சிலர் நகைக்கக் கூடும். அவர்களைக் கடைசி வரியளவும் நம்முடன் வரும்படி வேண்டிக்கொள்கிறோம். மனித உயிர் போவதற்குக் காரணமான விஷயம் எதுவும் அற்பமன்று என்பது நமது துணிபு.

கன்னியாகுமரி மாவட்டத்தில், விளவங்கோட்டுப் பகுதியில், மலைச்சாரலை அடுத்து அமைந்த பேரூர் அருமனை. ரப்பர்த் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் வாழைத் தோட்டங்களும் அதனைச் சூழ்ந்திருக்கின்றன. திற்பரப்பு அருவியைக் காண வருவோரும், சிதறால் மலையின் சமணச் சிற்பங்களைக் காண வருவோரும் இப்பக்கத்து வழிகளில் வந்து போகின்றனர். அருமனையில் நிகழும் கிறிஸ்துமஸ் விழா அக்கம்பக்கத்து ஊர்களை எல்லாம் ஒன்றுசேர்ப்பது. கல்யாண காலத்திலோ கேட்கவேண்டியதில்லை. வீட்டு முற்றத்தில் ஆக்குப்புரை கட்டி உற்றார் உறவினரே கறிக்காய் நறுக்கிய காலம் மெல்ல மாறி, இன்று மண்டபத்து அடுக்களையில் ஒரே வேளையில் ஆயிரம் பேருக்குச் சமைக்கின்றனர். சாயாக்கடையில் பழம்பொரியும் ரசவடையும், பலகாரக் கடையில் ஏத்தங்காய் வற்றலும், மாலையானால் பரோட்டாவும் பொரித்த இறைச்சியும் என்று, எண்ணெய்ச்சட்டி அடுப்பைவிட்டு இறங்காத ஊர்கள் இவை. வியாபாரம் வளர்வதில் நமக்கு மகிழ்ச்சியே. வியாபாரம் வளர்ந்த அளவுக்குக் கழிவுநீர் ஏற்பாடு வளர்ந்திருக்கிறதா என்பதே கேள்வி.

இந்நாட்டுச் சமையலில் தேங்காயெண்ணெய்க்கு உள்ள இடத்தை அறியாதார் இல்லை. அவ்வெண்ணெயின் குணத்தையும் வீட்டுப் பெண்மணிகள் அனைவரும் அறிவர். மழைபெய்து குளிர்ந்த மார்கழிக் காலையில் குப்பியைக் கவிழ்த்தால் எண்ணெய் இறங்காது. வெயிலில் வைத்துத்தான் உருக்கவேண்டும். ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸ் சூட்டுக்குக் கீழே அது உறைந்துவிடும் என்று ரசாயன நூலார் கூறுவர். குப்பியில் உறைவது ஓடையில் உறையாதா? அடுக்களைத் தொட்டியில் சுடுநீரோடும் சோப்போடும் உருகி ஓடும் எண்ணெய், நிலத்தடியே நாலு முழம் சென்றதும் குளிர்ந்து குழாயின் சுவரில் ஒட்டுகிறது. இன்று ஒரு படலம், நாளை ஒரு படலம். அதன்மேல் சோற்றுப் பருக்கையும் தேங்காய்த் துருவலும் தேயிலைச் சண்டும் பற்றுகின்றன. வடித்த கஞ்சியை ஓடையில் கொட்டினால் பசை தடவியதுபோல் யாவும் இறுகுகின்றன. எண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்கள் நீரிலும் சிமெண்டுச் சுவரிலும் உள்ள சுண்ணச் சத்தோடு கலந்து, சவுக்காரக் கட்டி போன்ற கடினப் பொருளாகவும் மாறுகின்றன. நாலங்குலக் குழாய் இரண்டங்குலமாகி, இரண்டங்குலம் ஓரங்குலமாகி, ஒரு நாள் அடியோடு அடைபடுகிறது. அந்நாள் பெரும்பாலும் கூட்டம் மிகுந்த நாளாகவே இருக்கும். ஏனெனில் அன்றுதான் நீரும் மிகுதி, எண்ணெயும் மிகுதி.

இதற்கு மாற்று ஒன்று வெகுகாலத்துக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. கொத்தனாரும் பிளம்பரும் அதனைக் கிரீஸ் டிராப் என்பர். நாம் கொழுப்புத் தொட்டி என்று சொல்வோம். அமெரிக்காவில் 1884இலேயே நதானியேல் வைட்டிங் என்பார் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதில் மாயம் ஒன்றுமில்லை. எண்ணெய் நீரைவிட இலேசானது, ஆதலால் மிதக்கும். சோறும் எலும்புத் துண்டும் கனமானவை, ஆதலால் அமிழும். ஓடுகின்ற நீரில் இவை பிரிவதில்லை. நிற்கின்ற நீரில் பிரியும். ஆகவே, கழுவுநீரைச் சற்று நேரம் ஒரு தொட்டியில் தங்கவைத்துக் குளிரவிட்டு, இடையே தடுப்புச் சுவர் எழுப்பி, மேலேயுள்ள எண்ணெயும் கீழேயுள்ள வண்டலும் வெளிச்செல்லாமல், நடுவிலுள்ள நீர் மட்டும் வெளிக்குழாயை அடையும்படி செய்வதே இதன் ஏற்பாடு. மோரைக் கடைந்து வெண்ணெய் திரளும்வரை காத்திருக்கும் பொறுமையே இங்கும் வேண்டப்படுவது.

தொட்டி எவ்வளவு பெரிதாயிருத்தல் வேண்டும்? உதாரணமாக, பகலுணவு வேளையில் ஒரு மணி நேரத்தில் 400 லிட்டர் கழுவுநீர் வரும் ஓட்டல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீர் அரைமணி நேரம் தங்கவேண்டுமாயின் 200 லிட்டருக்கு இடம் தேவை. தொட்டியின் கொள்ளளவில் நாலில் ஒரு பங்கை எண்ணெய்க்கும் வண்டலுக்குமென்று ஒதுக்கினால், மொத்தம் ஏறக்குறைய 270 லிட்டர் ஆகிறது. ஒரு மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் நீராழம் உள்ள தொட்டி இதற்குப் போதும். ஒரு கட்டில் போடும் இடங்கூட வேண்டுவதில்லை. கல்யாண மண்டபங்கள் இக்கணக்கைச் சாதாரண நாளைக் கொண்டு போடாமல் முகூர்த்த நாளைக் கொண்டு போடுதல் வேண்டும்.

தொட்டியோடு சேர்ந்து கவனிக்கவேண்டியவை வேறு சிலவும் உள. கழிப்பறைக் குழாய் ஒருபோதும் இத்தொட்டியில் வந்து சேரலாகாது. கூரையில் விழும் மழைநீரும் சேரலாகாது. சேர்ந்தால், இடவப்பாதியில் ஒரு பெருமழை வந்து, தேங்கியிருந்த எண்ணெயனைத்தையும் ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு போய்விடும். நாலங்குலக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று என்ற சரிவு வேண்டும் என்பது பழைய பொறியாளர் விதி. அதாவது பத்து மீட்டர் தூரத்துக்கு 25 சென்டிமீட்டர் இறக்கம். குழாய் திரும்பும் இடந்தோறும், இரண்டு குழாய்கள் கூடும் இடந்தோறும், திறந்து பார்க்கத்தக்க சிறு அறை ஒன்று வேண்டும். இவற்றைக் கட்டும்போதே கவனித்தால் செலவு சொற்பம். கட்டியபின் தளத்தை உடைத்துச் செய்தால் செலவு பன்மடங்கு.

ஆனால், தொட்டியைக் கட்டியதோடு கடமை தீர்ந்தது என்று எண்ணுவோரே நம் நாட்டில் மிகுதி. அதிகாரிக்குக் காட்டத் தொட்டி. காட்டியபின் அதன்மேல் அரிசி மூட்டை! சுத்தம் செய்யாத கொழுப்புத் தொட்டி, தொட்டி இல்லாமையினும் தீது. ஏனெனில், அது நிறைந்தபின் எண்ணெயைத் தடுப்பதுமில்லை. அழுகிய நாற்றத்தையும் அடுக்களைக்குள் கொணர்ந்து சேர்க்கிறது. மேலே மிதப்பதும் கீழே படிவதும் சேர்ந்து ஆழத்தில் நாலில் ஒரு பங்கை எட்டுமுன் அள்ளிவிட வேண்டும் என்பது உலகெங்கும் கைக்கொள்ளப்படும் விதி. மேலே சொன்ன 45 சென்டிமீட்டர்த் தொட்டியில் அது 11 சென்டிமீட்டர். ஒரு மூங்கிற் குச்சியில் கோடு போட்டு வைத்தால் எழுதப் படிக்கத் தெரியாத வேலையாளும் அளந்து சொல்லிவிடுவார். எத்தனை நாளுக்கொரு முறை அது நிறைகிறது என்பதை ஒவ்வோர் அடுக்களையும் தன் அனுபவத்தில் கண்டுகொள்ளும். பரோட்டாக் கடைக்கு மூன்று நாள் ஆகலாம். இட்டலிக் கடைக்கு இரண்டு வாரம் ஆகலாம். அள்ளிய தேதியை ஒரு சிறு நோட்டில் எழுதி வைத்தல் நன்று.

அள்ளுவதைவிட, சேரவிடாமல் தடுப்பதே மேல். எச்சில் தட்டை நீரில் இடுமுன் வழித்துத் தொட்டியிலிடுக. எண்ணெய்ச்சட்டியைக் காகிதத்தாலோ உமிச் சாம்பலாலோ துடைத்தபின் கழுவுக. கழுவு தொட்டியின் வாயில் கம்பிவலை வைக்க. கஞ்சியை மாட்டுக்குக் கொடுக்க. நம் பாட்டிமார் அடுப்புச் சாம்பலையும் கதம்பை நாரையும் கொண்டு பாத்திரம் துலக்கி, அந்நீரை வாழைக்குப் பாய்ச்சினர். சாம்பல் எண்ணெயை உறிஞ்சியது. வாழை நீரை உறிஞ்சியது. பத்துப் பேர் உண்ணும் வீட்டுக்கு அது நிறைவான ஏற்பாடு. ஐந்நூறு பேர் உண்ணும் ஓட்டலுக்கு ஒரு வாழை மூடு என்ன செய்யும்? பழமையைப் போற்றுவோர் அதன் அறிவைப் போற்றவேண்டுமேயன்றி அதன் அளவைப் போற்றலாகாது.

அடைப்பு நேர்ந்தபின் காஸ்டிக் சோடாவையும் ஆசிட்டையும் கொட்டுவது ஒரு பழக்கமாகிவிட்டது. இது பெருந்தவறு. உருகிய கொழுப்பு சற்றுத் தொலைவு போய் மறுபடி உறைகிறது. தன் வாசலின் அடைப்பு அயலான் வாசலுக்குப் போகிறது, அவ்வளவே. ஆசிட்டோ அழுகிய கழிவிலுள்ள கந்தகப் பொருள்களோடு சேர்ந்து நச்சு வாயுவை எழுப்பும். மூடிய இடத்தில் அதனைச் சுவாசிப்பவன் கதி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

இனி, விஷயத்தின் உள்ளிருக்கும் கொடுமைக்கு வருகிறோம். பெருநகரங்களில் ஓட்டல் நீர் பாதாளச் சாக்கடையைச் சேரும். அருமனை போன்ற பேரூர்களில் அத்தகைய வலை இல்லை. ஆகவே, கழுவுநீர் மூன்று இடங்களில் ஒன்றைத்தான் சேர முடியும்: தெருவோரத்து ஓடை, நிலத்தில் தோண்டிய உறிஞ்சுகுழி, அல்லது செப்டிக் டாங்கு. ஓடையில் விட்டால் அது குளத்தையோ ஆற்றையோ நோக்கிப் போகிறது. இப்பகுதியின் பேராறு கோதையாறும் பரளியாறும் கூடி ஓடும் குழித்துறைத் தாமிரபரணி. அதன் கரையில் குளிப்போர் எத்தனை பேர்! அதன் நீரையும் அதன் கரைக் கிணறுகளின் நீரையும் நம்பியிருக்கும் குடும்பங்கள் எத்தனை! நீர்நிலையில் விடப்படும் கழிவில் எண்ணெயும் கொழுப்பும் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்று 1986ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் வரம்பிட்டிருக்கின்றன. பாத்திரம் கழுவிய நீரை அப்படியே விடுவோர் இவ்வரம்பைக் காக்கின்றனர் என்று யாரும் நம்பமாட்டார்.

உறிஞ்சுகுழியில் விட்டாலோ, கொழுப்பு மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. சரளைமண் ஆனாலும் செம்மண் ஆனாலும் முடிவு ஒன்றே. அதிலும் இம்மாவட்டம் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறும் பாக்கியம் வாய்ந்தது. ஆனியில் நனைந்த நிலம் ஐப்பசியில் மறுபடி நனைகிறது. கொழுப்பால் அடைபட்ட குழி, மழையால் நிறைந்த நிலம், இரண்டும் சேர்ந்தால் கழிவுநீர் மேலெழுந்து முற்றத்தில் நிற்கும். அயலார் கிணற்றிலும் இறங்கும். செப்டிக் டாங்கில் விட்டால் மேலே தடித்த ஆடை படிகிறது. கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களின் வேலை தடைபடுகிறது. ஐந்து வருஷத்தில் நிறையவேண்டியது ஐந்து மாதத்தில் நிறைகிறது. அப்பொழுது முதலாளி என்ன செய்கிறார்? சனிக்கிழமை இரவு, நாளை வியாபாரம் நடக்கவேண்டும். கழிவுநீர் லாரி வரத் தாமதமாகும் என்கின்றனர். அடிவண்டலும் கொழுப்புக் கட்டியும் லாரியின் குழாயில் ஏறா என்கின்றனர். உடனே, "யாராவது இரண்டு ஆட்களைக் கூட்டி வா" என்ற உத்தரவு பிறக்கிறது. அந்த உத்தரவில்தான் எமன் ஒளிந்திருக்கிறான்.

குஜராத்தில் வதோதரா மாவட்டத்து டபோய் தாலுகாவில், 2019 ஜூன் மாதம், ஓர் ஓட்டலின் செப்டிக் டாங்கைச் சுத்தம் செய்ய இறங்கியவர்களும் அவர்களைக் காப்பாற்றச் சென்ற ஓட்டல் ஊழியர்களுமாக ஏழு பேர் மாண்டனர். நம் தமிழ்நாட்டிலேயே, காஞ்சிபுரம் மாவட்டத்துக் காட்டரம்பாக்கத்தில், 2021 பிப்ரவரியில், உணவு தயாரித்து வழங்கும் ஒரு நிலையத்தின் கழிவுத் தொட்டியில் மூவர் மாண்டனர். இவை இரண்டும் வீட்டுத் தொட்டிகளல்ல, ஆலைத் தொட்டிகளுமல்ல. மக்களுக்கு உணவளிக்கும் இடங்களின் தொட்டிகள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். காற்றில்லாமல் அழுகும் கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு எழுகிறது. சிறிதளவிருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வீசும். மிகுந்தாலோ மூக்கின் மோப்ப சக்தியையே மழுக்கிவிடும். நாற்றம் நின்றது, ஆபத்து நீங்கிற்று என்று எண்ணும் கணத்தில் மனிதன் வீழ்கிறான். வீழ்ந்தவனைத் தூக்க இறங்குபவனும் வீழ்கிறான். பிறர் பசியைத் தீர்க்கும் ஓர் இடம், அதன் பின்புறத்தில் சிலர் உயிரைப் பசியாறுமாயின் அதனை அன்னசாலை என்று எவ்வாறு அழைப்பது?

சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாயிருக்கவில்லை. மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்த 2013ஆம் வருஷத்துச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, சாக்கடையிலும் செப்டிக் டாங்கிலும் ஆபத்தான முறையில் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்விப்பதை விலக்கியிருக்கிறது. முதற்குற்றத்துக்கே இரண்டு வருஷம் வரை சிறையும் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். சுப்ரீம் கோர்ட்டார் 2014 மார்ச்சில் இறந்தோர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் அளிக்கவேண்டுமென்று தீர்ப்பளித்தனர். 2023 அக்டோபரில் அதனை முப்பது லட்சமாக உயர்த்தினர். இத்தொகையைக் கேட்டு ஓட்டல் முதலாளிகள் அஞ்சக்கூடும். நாம் சொல்வது வேறு. தகப்பனை இழந்த பிள்ளைக்கு முப்பது லட்சமும் ஈடாகாது. மேலும், இப்படி இறங்கவிடப்படுவோர் பெரும்பாலும் எந்தக் குலத்தினர் என்பதை நாடறியும். 1901ஆம் வருஷத்துக் கல்கத்தாக் காங்கிரஸில், பிரதிநிதிகளின் கழிப்பிடத்தை எவரும் கவனியாதது கண்டு காந்தியடிகள் தாமே துடைப்பம் எடுத்தார். அவரவர் அழுக்கை அவரவரே போக்கவேண்டும் என்பதே அச்செயலின் பாடம். சுதந்திர இந்தியாவில் ஒருவர் வியாபாரத்தின் அழுக்கு இன்னொருவர் உயிரைக் குடிப்பது அப்பாடத்தை மறந்ததன் அடையாளம்.

இங்கேதான் கொழுப்புத் தொட்டியின் பெருமை விளங்குகிறது. அது சிறியது, ஆழமற்றது, மேலே நின்றபடியே கரண்டியால் அள்ளக்கூடியது, எவரும் அதற்குள் இறங்கவேண்டுவதில்லை. வாரந்தோறும் கால் மணி நேரம் அதனைக் கவனித்தால், பெரிய தொட்டி விரைவில் நிறையாது; நிறையும்போதும் கட்டி இறுகாமல் லாரியின் குழாயிலேயே ஏறிவிடும். கால் மணி நேரச் சோம்பலே கடைசியில் ஓர் உயிராக வளர்கிறது என்று நாம் சொல்வது மிகையன்று.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களையும் ஆராய்வோம். சிறுகடைக்காரர், "எமக்கு இடமில்லை, பணமில்லை" என்பர். அவர்கள் நிலை நமக்குத் தெரியாததன்று. வாடகையும் எரிவாயு விலையும் எண்ணெய் விலையும் அவர்களை நெருக்குகின்றன. ஆயினும், கழுவு தொட்டியின் அடியிலேயே வைக்கத்தக்க சிறு பெட்டிகள் உள்ளன. பக்கத்துப் பக்கத்தில் உள்ள நாலைந்து கடைகள் சேர்ந்து ஒரு பொதுத் தொட்டி கட்டிக்கொள்ளவும் தடையில்லை. அள்ளும் முறையை மட்டும் நாள் வகுத்துக்கொள்ள வேண்டும். கட்டடம் வாடகைக்கு விடுவோர்க்கும் இதில் பொறுப்புண்டு. ஓட்டலுக்கென்று கட்டடத்தை விட்டு அதிக வாடகை வாங்கும் உடைமைக்காரர், ஓட்டலுக்குரிய குழாயமைப்பைச் செய்து கொடுப்பதே நியாயம். "இத்தனை நாளும் இப்படியே நடந்ததே" என்பாரும் உண்டு. நடந்தது உண்மை, ஆனால் ஐம்பது பேருக்குச் சமைத்த கடையின் ஓடையில் இன்று ஐந்நூறு பேரின் எண்ணெய் ஓடுகிறது என்பதும் உண்மை.

இக்குறை நமக்கு மட்டும் உரியதென்று யாரும் நாணவேண்டாம். இலண்டன் மாநகரின் ஒயிட்சாபல் பகுதியில், 2017இல், சாக்கடைக்குள் 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் கொண்ட கொழுப்புப் பாறை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதனை உடைத்தெடுக்க வாரக்கணக்காயிற்று. அதன் ஒரு துண்டை மறுவருஷம் காட்சிசாலையில் வைத்து ஜனங்களுக்குக் காட்டினர். செல்வமும் விஞ்ஞானமும் மிகுந்த நகரமே அலட்சியத்தால் இக்கதிக்கு ஆளாயிற்று. மற்றொரு பக்கம், நம் தமிழ் மக்கள் ஓட்டல் நடத்திப் பெயர்பெற்ற சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே உணவுக்கடைக்குக் கொழுப்புத் தொட்டி அமைப்பது கட்டாயம். தொட்டியிலிருந்து அள்ளியதைக் கொண்டுபோவதற்குத் தனியாக லைசென்ஸ் பெற்றவர்கள் உண்டு. கடல் கடந்து போய்த் தோசை சுடும் தமிழர் அங்கே செய்வதை இங்கே செய்யத் தமிழர்க்கு இயலாதா? மனிதர் ஒருவரே; மாறியது சட்டத்தின் கண்பார்வை ஒன்றுதான்.

பொரித்து மிஞ்சிய எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது ஓடையில் கொட்டத்தக்கதுமன்று. மறுபடி மறுபடி காய்ச்சத்தக்கதுமன்று. மலிவு விலைக்குத் தெருக்கடைக்கு விற்கத்தக்கதுமன்று. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உடலுக்குத் தீங்கான பொருள்கள் பெருகுகின்றன. அவற்றை அளந்தறியும் அளவு 25 சதவிகிதத்தை எட்டிய எண்ணெயை உபயோகிக்கலாகாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. அதே வருஷம் ஆகஸ்டில், உபயோகித்த எண்ணெயைச் சேகரித்து டீசலுக்கு மாற்றான எரிபொருளாக்கும் திட்டம் ஒன்றை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தார் தொடங்கினர். அங்கீகாரம் பெற்றவர்கள் அதனை விலை கொடுத்தே வாங்கிச் செல்கின்றனர். ஓடையில் போனால் நஷ்டம், டின்னில் சேர்ந்தால் வரவு என்ற கணக்கு நம் வியாபாரிகளுக்கு விளங்காததன்று. கொழுப்புத் தொட்டியில் அள்ளியதை மட்டும் இதனோடு கலக்கலாகாது; ஓடைக்கரையிலோ ரப்பர்த் தோட்டத்து மூலையிலோ கொட்டவும் ஆகாது. மூடிய பாத்திரத்தில் சேர்த்து, கழிவுநீர் லாரியோடு சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புவதே முறை.

ஸ்தல ஸ்தாபனத்தார் செய்யவேண்டியவை என்ன? அருமனைப் பேரூராட்சியாருக்கும், அதனையொத்த பேரூராட்சியார் எல்லோருக்கும் நாம் விண்ணப்பித்துக்கொள்வது இது. முதலாவதாக, ஊரிலுள்ள ஓட்டல், சாயாக்கடை, பலகாரக்கடை, மண்டபம் ஒவ்வொன்றின் கழுவுநீரும் எங்கே போகின்றதென்று ஒரு ஜாபிதா தயாரிக்க வேண்டும். வியாதி எங்கேயென்று தெரியாமல் மருந்து கொடுப்பது வீண். இரண்டாவதாக, புதிய கட்டடத்துக்கு அனுமதி வழங்கும்போதும், லைசென்ஸைப் புதுப்பிக்கும்போதும் தொட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். மூடியைப் பார்த்து முத்திரை குத்தலாகாது. மூன்றாவதாக, பழைய கடைகளுக்குத் தக்க தவணை கொடுக்க வேண்டும். நோட்டீஸும் அபராதமும் ஒரே நாளில் வருமாயின் அது சீர்திருத்தமாகாது. அதனால் கடைகள் சீர்ப்படுவதினும் கைகள் நனைவதே மிகுதியாகும். நான்காவதாக, கழிவுநீர் லாரிகளை ஒழுங்குபடுத்த வேண்டும். கழிவை அகற்றுவது முதல் சுத்திகரிப்பது வரையுள்ள முறைகளைத் தமிழ்நாட்டு சர்க்கார் 2014இலேயே வகுத்து வெளியிட்டிருக்கின்றனர். அள்ளிய லாரி இரவில் எந்த ஓடைப் பாலத்தருகே நிற்கிறது என்பதைக் கவனிப்பார் இல்லையேல், அவ்வளவு முயற்சியும் ஓட்டலின் அழுக்கை ஊரின் எல்லைக்கு மாற்றிய முயற்சியாகவே முடியும். ஐந்தாவதாக, அவசர வேளையில் அழைக்கத்தக்க லாரியின் டெலிபோன் எண்ணை ஒவ்வோர் அடுக்களையின் சுவரிலும் ஒட்டச் செய்ய வேண்டும். அன்று இரவே லாரி வருமென்ற நம்பிக்கை இருந்தால், மனிதனைத் தேட முதலாளிக்கு முகாந்தரம் இராது.

ஓட்டல் முதலாளிகளுக்கும் ஒன்று சொல்வோம். அடுக்களையில் பாத்திரம் துலக்குபவர்தான் உங்கள் ஓடையின் காவலர். அவருக்குக் கையுறையும் கம்பிவலையும் அளவுகுச்சியும் கொடுங்கள். ஏன் வழிக்கவேண்டும், ஏன் துடைக்கவேண்டும் என்பதை எடுத்துரையுங்கள். தூரதேசத்திலிருந்து வந்து உழைப்பவராயின் அவர் மொழியிலேயே விளங்கும்படி செய்யுங்கள். எக்காரணம் கொண்டும், எத்தனை ரூபாய் கேட்டாலும் கொடுத்தாலும், ஒரு மனிதரையும் தொட்டிக்குள் இறக்குவதில்லை என்று உறுதி பூணுங்கள். அவ்வுறுதியே உங்கள் கடையின் மிகச் சிறந்த விளம்பரம்.

உண்போராகிய ஜனங்களுக்கும் பங்குண்டு. விலை ஏறினால் முதலாளியைக் கேட்கிறோம். உப்பு குறைந்தால் கேட்கிறோம். "உமது கடையின் கழுவுநீர் எங்கே போகிறது?" என்று ஒரு முறை கேட்டால் என்ன? பத்துப் பேர் கேட்ட கேள்விக்கு எந்த வியாபாரியும் பதில் தேடாமல் இரான். கல்யாணம் பேசி மண்டபம் அமர்த்துவோர், நாற்காலி எத்தனை, விளக்கு எத்தனை என்று கேட்பதோடு இதனையும் கேட்டுவிடலாம். மணமக்களை வாழ்த்தி உண்ட சோற்றின் எச்சம் ஓர் ஏழையின் கிணற்றில் கலவாதிருப்பதும் அவ்வாழ்த்தில் ஒரு பகுதியே.

கிறிஸ்துமஸ் வரும், ஓணம் வரும், தீபாவளி வரும், சுற்றுலாக் காலம் வரும். எண்ணெய்ச்சட்டி கொதிக்கும், பந்தி நிறையும், ஊர் மகிழும். அம்மகிழ்ச்சிக்கு முன்பாக ஒருநாள், ஒவ்வோர் ஓட்டல்காரரும் தம் கடையின் பின்புறம் சென்று, அந்தச் சிமெண்டு மூடியைத் தம் கையாலேயே தூக்கிப் பார்ப்பாராக. தொட்டி இல்லாதார் ஒன்று கட்டுக. இருப்பார் அதனை அள்ளுக. அள்ளியதை முறையாக அனுப்புக. நாம் கேட்பது அவ்வளவே. அதனைச் செய்தால், நாளை ஒரு சனிக்கிழமை இரவில் இரண்டு ஆட்களைத் தேடவேண்டிய அவசியம் எவர்க்கும் நேராது. அவ்விருவரும் தத்தம் வீட்டில் பிள்ளைகளோடு உண்டு உறங்குவர்.